எண்ணாமல் விட்ட தலை

19 ஏப்ரல் 2024, வெள்ளி

இன்று தமிழ்நாடு முழுக்கத் தேர்தல், எங்களுக்கு லீவு. நான் பெயின்ட் அடிக்கும் வீட்டின் சொந்தக்காரர் காலையிலேயே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். "நீங்களும் போய் ஓட்டுப் போட்டுட்டு வாங்க பெரியவரே, மத்தியானம் வேலை பாத்துக்கலாம்" என்றார். முப்பத்தொன்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இன்னும் ஓட்டு இல்லை என்று சொன்னால் பாவம், அவர் மனம் கஷ்டப்படும். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் வெட்டினேன்.

நான் எழுதும் இந்தக் கொப்பியை, இங்கத்தைய நோட்டுப் புத்தகத்தை, அனுப்பியவள் என் மகள் இமெல்டா. நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சனங்களையும் அவர்களுக்கான சர்வதேசச் சட்டத்தையும் ஆராய்வது அவள் வேலை. நான் துரத்தப்பட்டேன், அவள் அதைப் படித்தாள். குடும்பத் தொழில் என்று சொல்லலாம். எங்கள் அகதி முகாம் ஆட்கள் தங்கள் அன்றாடத்தை எழுத வேண்டும், அது ஆராய்ச்சிக்கு உதவும் என்று பத்துக் கொப்பி அனுப்பினாள். பக்கத்து வீட்டு ராசநாயகம் தன் கொப்பியில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதுகிறார். நான் எட்டாம் வகுப்பு படித்தவன். பொறுப்பாக எழுத வேண்டும்.

எழுதுகிறேன்: பெயர் சூசை லெம்பேட். வயது அறுபத்து மூன்று. ஊர் இலங்கை, மன்னாரில் பேசாலை. தொழில் சுவருக்கு நிறம் மாற்றுவது. மனைவி மாக்ரட் ஆறு வருஷத்துக்கு முன் காலமானாள். எங்கள் முகாமின் பெயர்ப்பலகையை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பலகைக்கு வர்ணம் அடித்ததும் நான்தான்.

இமெல்டா ஜூன் பதினாலாம் தேதி பேராசிரியர் ஆகிறாள். அந்த ஊர் வழக்கப்படி புதுப் பேராசிரியர் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு சபைக்கு முன் ஓர் உரை ஆற்ற வேண்டுமாம். "சாமியாராகப் போறியா மகள்?" என்று கேட்டேன். "முன்வரிசை வீட்டு ஆக்களுக்கு அப்பா. ரெண்டு கதிரையை வெறுமையா விடச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

அவளை நேரில் பார்த்துப் பதின்மூன்று வருஷம். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அவளிடம் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் இங்கே வர இரண்டு தரம் விசா கேட்டும் கிடைக்கவில்லை. தாயின் அடக்கத்தைப் போனில் பார்த்தாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கை நடுங்காமல் பிடித்தேன், பெயின்டர் கை.

21 ஏப்ரல், ஞாயிறு

மாலை இமெல்டா கூப்பிட்டாள். புது வேலை ஒன்று தந்திருக்கிறாள்.

"அப்பா, இந்தியாவில 1987 ஜூலை முதலாம் தேதிக்கு முன்னம் பிறந்த ஆக்கள், தாய் தகப்பன் ஆராயிருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். சட்டத்தில அப்பிடித்தான் இருக்கு. எங்கட முகாமிலேயே அப்பிடி ஆக்கள் இருப்பினம். அவையளுக்கே தெரியாது. ஒரு பட்டியல் எடுத்துத் தாங்கோ. இங்க இருக்கிற நாங்களும் சென்னையில ரெண்டு வக்கீலுமாச் சேர்ந்து விண்ணப்பம் போடப் போறம்."

"எந்தத் தேதி எண்டாய்?"

"எண்பத்தேழு ஜூலை ஒண்டு."

"எண்பத்தேழு ஜூலை."

"ஓம். ஏன், எழுதுறீங்களா?"

"எழுதுறன்" என்றேன். எழுதவில்லை. எழுதாமலே நினைவில் நின்றுவிட்டது.

24 ஏப்ரல், புதன்

அடித்து முடித்த சுவருக்கே மறந்துபோய் இன்னொரு கோட் அடித்துவிட்டேன். வீட்டுக்காரர் கவனிக்கவில்லை.

27 ஏப்ரல், சனி

பட்டியல் எடுக்கக் கிளம்பினோம். நான், ராசநாயகம், எழுதுவதற்கு ரமணி ரீச்சர். ரீச்சர் முகாம் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுப்பவர், இங்கிலீஷ் தெரியும், ராசநாயகத்தைத் திட்டவும் தெரியும்.

சனங்களுக்குப் பிறந்த தேதியைத் தவிர மற்ற எல்லாம் ஞாபகம் இருக்கிறது. "பெரிய மழைக்கு முந்தின கிழமை" என்றார் ஒருவர். "அக்காவுக்கு அம்மை போட்ட வருஷம்" என்றாள் ஒருத்தி. "வெயில் கொளுத்தின மாதம், மண்டபம் முகாமில" என்றார் இன்னொருவர். தோணியில் வந்ததும் எங்களை முதலில் வைத்திருந்த மண்டபத்தில் அது பன்னிரண்டு மாதமும். ரீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிச் சீட்டு, ஞானஸ்நானச் சீட்டு, ஏதாவது தாள் இருக்கா?" என்று கேட்டார். ட்ரங்குப் பெட்டிகள் இறங்கின. பழைய துணியின் வாசம் முகாம் முழுக்க.

ராசநாயகத்தின் மகன் சுதன் மண்டபத்தில் 1986-ல் பிறந்தவன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. ராசநாயகம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மனைவியைத் திட்டினார்: "இவ்வளவு காலமும் இதை வடகப் பானைக்குக் கீழ வச்சிருந்திருக்கிறாளே!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "இமெல்டாப் பிள்ளைக்குத்தான் இந்தக் குடுப்பினை இல்லாமப் போச்சு அண்ணை. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பெத்திருந்தால் இங்க பிறந்திருக்கும். அவசரப்பட்டுட்டீங்கள்."

"அவசரந்தான்" என்றேன்.

மொத்தம் பத்தொன்பது பேர்.

2 மே, வியாழன்

உரையின் தொடக்கத்தை இமெல்டா எனக்கு வாசித்துக் காட்டினாள். முதலில் இங்கிலீஷில், பிறகு எனக்காகத் தமிழில்.

"நான் ஒரு நாட்டின் எல்லையை முதன்முதலாகக் கடந்தபோது எனக்கு வயது இரண்டு மாதம். ஒரு துவாயில் சுற்றியிருந்தார்கள். நான் அழவில்லை என்று என் தந்தை சொல்வார்."

இந்த வரியை அவள் பல இடத்தில் சொல்லியிருக்கிறாளாம். அவள் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருக்கிறதாம். சின்ன வயதில் அவள் சோறு தின்ன மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும்போது நான் சொன்ன கதை அது. பேசாலை வீட்டில் பிறந்தது, மருத்துவச்சியின் மூக்குத்தி, தோணியில் அலை, எல்லாரும் அழ இவள் மட்டும் முழித்துக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஓர் அலை கூட்டுவேன். கடைசிக் கவளத்தில் கரை வரும்.

"அப்பா, துவாய் என்ன நிறம்? அந்த ஒரு சொல்லும் இருந்தால் நல்லாயிருக்கும்."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் அமையாது என்று எனக்கே விளங்கியது.

"நீலம்" என்றேன்.

"கடும் நீலமா, வெளிறின நீலமா?"

"வெளிறினது. தோய்ச்சுத் தோய்ச்சு."

பெயின்டர் அல்லவா, நிறத்தில் பிழை விடக் கூடாது.

9 மே, வியாழன்

எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கோ என்றுதான் கொப்பி தந்தாள். இந்தப் பக்கத்தைக் கொடுப்பேனா கிழிப்பேனா என்று பிறகு பார்க்கலாம்.

இமெல்டா பேசாலையில் பிறக்கவில்லை. நானும் மாக்ரட்டும் 1985 மே மாதம் தோணியில் வந்தோம். அப்போது மாக்ரட்டுக்கு மூன்று மாதம். நவம்பரில் மண்டபம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. தோணியில் அவள் அழவில்லை என்பது மட்டும் உண்மை. வயிற்றுக்குள் இருந்தவள் எப்படி அழுவாள்?

பிள்ளையை உடனே குடும்ப அட்டையில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. அதற்குக் காரணம் மழை, அலைச்சல், அது, இது. அதை விடுவோம்.

எண்பத்தேழு கடைசியில் ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களின் பட்டியல் எடுத்தார்கள். கப்பல் வரப்போகிறது என்று முகாமே மூட்டை கட்டியது. அப்போது ஒரு கதை கிளம்பியது: வந்த தலைக்குத்தான் கப்பலில் இடம், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வேறு தாள் வேண்டும், தாள் வரும்வரை பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி வைப்பார்கள். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் நம்பினோம். ஒரு தாய் பிள்ளையைப் பனை நார்ப் பெட்டிக்குள் வைத்து மூடிப் பழகிப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன்.

மேசையில் இருந்தவர் கேட்டார்: "குழந்தை எங்கே பிறந்தது?"

"பேசாலை."

"எப்போ?"

"எண்பத்தஞ்சு மார்ச்."

கேட்டதைக் கேட்டபடி எழுதினார். அவ்வளவுதான். ஒரு சொல், ஒரு மாதம். வெளியே வந்து கெட்டிக்காரத்தனமாக ஒரு பீடி பற்ற வைத்தேன்.

கப்பல் வந்தபோது மாக்ரட் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். அங்கே மறுபடி சண்டை தொடங்கும் என்று அவளுக்கு உள்ளுக்குள் பட்டிருக்கிறது. தொடங்கியது. நாங்கள் இங்கேயே நின்றோம். அந்தப் பட்டியலைப் பார்த்து அட்டையில் எழுதியதும் நின்றது. அதைப் பார்த்துப் பள்ளிச் சீட்டு, பள்ளிச் சீட்டைப் பார்த்துக் கல்லூரிச் சீட்டு. திருத்தப் போனால், பொய் சொன்ன குடும்பம் என்று அட்டையையே வெட்டிவிடுவார்களோ என்று பயம்.

மார்ச்சில் அவளுக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம். நவம்பர் ஒன்பதாம் தேதி மாக்ரட் சும்மா பாயாசம் வைப்பாள். "இண்டைக்கு என்னம்மா?" என்று பிள்ளை கேட்டால், "பால் மிஞ்சிப்போச்சு" என்பாள். ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் பால் மிஞ்சியது.

12 மே, ஞாயிறு

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

13 மே, திங்கள்

சொல்லவில்லை. அவளுக்குச் சளி.

15 மே, புதன்

அவளுக்குச் சுகம். எனக்குத்தான் தைரியம் சுகமில்லை.

26 மே, ஞாயிறு

இமெல்டா பட்டியலில் உள்ள பத்தொன்பது பேரோடும் பேசினாள். ரமணி ரீச்சர் படிப்பகத்தில் ஒரு மடிக்கணினியை வைத்தார். என் மகள் பெரிதாகத் தெரிந்தாள். கண்ணாடி மாற்றியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. காதுப் பக்கம் இரண்டு நரை. எனக்குத் தெரியாமல் நரைக்கிறாள்.

சனங்கள் அவளை விசாரித்த விதம் எனக்குச் சிரிப்பு. "பிள்ளை, அங்க மீன் கிடைக்குதா?" "கலியாணம் எப்ப?" ராசநாயகம் எழுந்து, "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கினார். "மாமா, இருங்கோ. உங்கட மாமரத்தில கல்லெறிஞ்ச இமெல்டாதான்" என்றாள்.

பிறகு எல்லாம் சட்டம். பொறுமையாகச் சொன்னாள். அப்போது பின்வரிசையில் இருந்த கமலி எழுந்தாள்; திருச்சியில் 1985-ல் பிறந்தவள். தகப்பன் அவளை யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக எழுதிவிட்டாராம்.

நான் ஒருத்தன்தான் இந்த வேலை பார்த்தேன் என்று நினைத்திருந்தேன்.

"அப்பா இருக்கிறாரா அக்கா?" என்று இமெல்டா கேட்டாள்.

"இல்லை. போன வருஷம்."

இமெல்டா பேனாவைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரிப் பதிவைத் தேடிப் பார்ப்பம். ஆனால் அவர் இருந்திருந்தால் ஒரு சத்தியக் கடதாசி எழுதி வாங்கியிருக்கலாம். ஏன் அப்பிடிச் சொன்னார் எண்டு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அது அவரோடேயே போட்டுது."

கூட்டம் முடிந்து எல்லாரும் என்னிடம் வந்து, பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறீர்கள் என்று கையைப் பிடித்தார்கள். கமலி மட்டும் என் கையைப் பிடிக்கவில்லை. அவள் தன் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு போனாள்.

3 ஜூன், திங்கள்

சொல்லிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பாதி பச்சை, பாதி பழைய காரை என்று இருந்த மதில் நிழலில் உட்கார்ந்து நானே கூப்பிட்டேன்.

"என்னப்பா இந்த நேரம்? சுகந்தானே?"

"சுகம். வேலையா?"

"பத்து நிமிஷத்தில வகுப்பு. சொல்லுங்கோ."

"பட்டியலில ஒரு பேர் விடுபட்டுப்போச்சு மகள்."

"ஆர்?"

"இமெல்டா லெம்பேட்."

சிரித்தாள். "பகிடி விடாதேங்கோ அப்பா."

நான் சிரிக்கவில்லை. எனக்கு அது பழக்கமில்லாத வேலை. அதனால்தான் அவளுக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும்.

சொன்னேன். மண்டபம், நவம்பர், மேசை, கப்பல். பத்து நிமிஷக் கதைதான். இத்தனை வருஷம் அதை என்னவோ மலை மாதிரித் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நான் தோணியில வரேல்லையா?"

"வந்தாய். அம்மான்ர வயித்துக்குள்ள."

"நீலத் துவாய்?"

"இல்லை."

அந்தப் பக்கம் யாரோ கதவு தட்டும் சத்தம். அவள் வேறு பாஷையில் ஏதோ சொன்னாள். பிறகு, "வகுப்புக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். 'அப்பா' என்ற சொல் அதில் இல்லை.

பின்னேரம் மதிலை அடித்து முடித்தேன்.

5 ஜூன், புதன்

கூப்பிடவில்லை.

8 ஜூன், சனி

கூப்பிடவில்லை. போன் பழுதோ என்று ராசநாயகத்தைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். மணி அடித்தது. "போன் நல்லாத்தான் இருக்கு அண்ணை. உங்கட முகந்தான் சரியில்லை" என்றார்.

11 ஜூன், செவ்வாய்

செக்கிங். அதிகாரி வந்து தலை எண்ணும் நாள். வீட்டுக்கு வீடு எத்தனை பேர் என்று அட்டையோடு ஒத்துப் பார்ப்பார். என் அட்டையில் இப்போது ஒரே பெயர். "ஒரு ஆள்தானே?" என்றார். "ஒரு ஆள்தான்" என்றேன்.

14 ஜூன், வெள்ளி

படிப்பகத்தில் எண்பது பேர். ரமணி ரீச்சர் கணினி. ராசநாயகம் தன் செலவில் மிக்சர். நான் கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தேன். வரச் சொல்லி அவள் அழைக்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

கணினித் திரையில் பழைய கோயில் மாதிரி ஒரு பெரிய கூடம். கறுப்பு அங்கிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். கடைசியில் அவள். தொப்பி கொஞ்சம் பெரிது, நெற்றியில் இறங்கியிருந்தது. மாக்ரட் இருந்திருந்தால் உள்ளே துணி வைத்துத் தைத்திருப்பாள்.

காமரா ஒரு தரம் முன்வரிசையைக் காட்டியது. இரண்டு கதிரையும் வெறுமையாகத்தான் இருந்தன. அவள் எடுத்துவிடவில்லை. அதை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அவள் மேடையில் ஏறித் தாள்களைத் தட்டி அடுக்கினாள். முதல் தாளை எடுத்து அடியில் வைத்தாள். ஏதோ சொன்னாள். சபை சிரித்தது.

"என்ன ரீச்சர், என்ன சொன்னவ?" என்று எல்லாரும்.

ரீச்சர் சொன்னார்: "நான் ஒரு நல்ல தொடக்கம் எழுதி வச்சிருந்தன். அதை இண்டைக்கு வாசிக்கேல்லை. அதில உள்ள ஒரு தகவலை நான் இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கு. அப்பிடிச் சொன்னவ."

எங்கள் ஆட்களும் சிரித்தார்கள், படித்த பிள்ளை எவ்வளவு கவனம் என்று.

முக்கால் மணி நேரம் பேசினாள். ரீச்சர் சொன்னதில் எனக்குப் பாதி விளங்கியது. தாளில் எழுதியது மனிதரைவிடப் பெரிதாகிவிட்ட கதை. நடுவில் தண்ணீர் குடித்தாள். இடது கையால் கிளாஸைப் பிடித்தாள், தாயின் பழக்கம். முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாங்களும் எழுந்து நின்றோம், அவளுக்குத் தெரியாது என்றாலும்.

16 ஜூன், ஞாயிறு

மாலை ஐந்து மணிக்கு மணி அடித்தது. போனை முதல் மணியிலேயே எடுத்தேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம் மகள். தொப்பி பெரிசு."

"வாடகைத் தொப்பி. அப்பா, நான் கோபத்தில இருக்கிறன். அதைச் சொல்லித்தான் ஆக வேணும்."

"சொல்லு."

"சட்டம் படிச்சு முடிச்சு வக்கீலாப் பதியப் போன அண்டைக்கு நீங்களும் என்னோட வந்தனீங்கள். குடிமகள் இல்லை, பதியேலாது எண்டு திருப்பி அனுப்பிச்சினம். பஸ்ஸில எனக்குத் தோடம்பழம் உரிச்சுத் தந்தீங்கள். அப்பவும் வாய் திறக்கேல்லை."

"அந்தச் சட்டம் அப்ப எனக்குத் தெரியாது. எண்பத்தேழு எண்டு ஒரு தேதி இருக்கிறதே நீ ஏப்ரலில சொல்லித்தான் தெரியும்."

"சட்டம் தெரியாட்டிலும் நான் எங்க பிறந்தன் எண்டு தெரியுந்தானே?"

சட்டம் படித்த பிள்ளையோடு வாதாடக் கூடாது. நியாயமும் அவள் பக்கம் இருக்கும்போது வாயே திறக்கக் கூடாது.

"கோட்டுப் போட்டுக் கோர்ட்டில நிக்க ஆசைப்பட்டனான். அது நடக்கேல்லை எண்டுதான் ஆராய்ச்சிக்குப் போனன். அம்மா செத்தபோது வரேலாமப் போச்சு. எல்லாம் அந்த ஒரு சொல். நாடில்லாதவள் எண்டு புத்தகம் எழுதியிருக்கிறன், அப்பா. நாடு இருந்திருக்கு."

அழுதாள். நானும்தான். சிறிது நேரம் இரண்டு நாட்டிலும் மூக்குச் சிந்தினோம்.

பிறகு கேட்டாள்: "உண்மையில எப்பிடிப் பிறந்தன்? இந்த முறை கதை வேண்டாம்."

"நான் அங்க இல்லை."

"எங்க இல்லை?"

"ஆஸ்பத்திரியில."

இதைத்தான் போன மாதம் 'அது, இது' என்று எழுதி ஒதுக்கினேன். அன்றைக்குச் செக்கிங். காலையிலேயே மாக்ரட்டுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன். வரிசையில் நிற்காவிட்டால் அட்டையில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். மாக்ரட்டும் சொன்னாள், "நீங்க போய்த் தலையைக் காட்டிட்டு வாங்கோ" என்று. போய் நின்றேன். மழை. வரிசை நகரவில்லை. ஆஸ்பத்திரியின் ஓட்டுக் கூரை நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மத்தியானம் என் முறை வந்தது.

"எத்தனை பேர் எண்டு கேட்டினம். ரெண்டு எண்டன். பொஞ்சாதி ஆஸ்பத்திரியில எண்டன். எழுதிச்சினம். ஓடிப் போய்ப் பார்த்தால், நீ பிறந்து ஒரு மணித்தியாலம். நான் ரெண்டு எண்டு சொல்லேக்க நாங்கள் மூண்டு பேர்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னேன்.

"உன்னை எண்ணாம விட்டுட்டன். அடுத்த செக்கிங்கில மூண்டு எண்டால், முதல் ஏன் ரெண்டு எண்டாய் எண்டு கேப்பினமோ எண்டு பயம். அப்பிடியே இழுத்துப்போட்டன். கப்பல் பட்டியல் வரேக்க, இந்த முறை எண்ணாம விடக் கூடாது எண்டு மட்டுந்தான் என்ர மண்டையில இருந்தது. அதுதான் பேசாலை எண்டன்."

"ஆர் பக்கத்தில நிண்டது?"

"ஒரு நர்ஸ். அந்தப் பிள்ளைக்கும் அண்டைக்குத்தான் முதல் பிரசவம் பாக்கிறதாம். அம்மா சொன்னவ, தான்தான் அந்தப் பிள்ளைக்குத் தைரியம் சொன்னனான் எண்டு."

இமெல்டா சிரித்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு. அதனால் கொஞ்சம் இருமினாள்.

"இது நல்லாயிருக்கு" என்றாள். "மற்றக் கதையைவிட."

வைக்கும் முன் வேறு குரலில் பேசினாள், படிப்பிக்கிற குரல். ஆஸ்பத்திரிப் பிறப்பைப் பேரூராட்சியில் பதிந்திருப்பார்கள். அந்தப் பதிவு கிடைத்தால், முன்னாள் இந்தியக் குடிமகள் என்ற வகையில் வேறு மாதிரி விண்ணப்பம் போட்டு இங்கே வந்து போக வழி பார்க்கலாம். நிச்சயம் இல்லை. இழுக்கலாம். "ஆனால் முயற்சி செய்வன். போய்த் தேடுவீங்களா அப்பா?"

அந்த 'அப்பா'வை நான் எண்ணி வைத்துக்கொண்டேன்.

28 ஜூன், வெள்ளி

முகாமில் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு நேற்றே புறப்பட்டு மண்டபம் வந்தேன். ராசநாயகமும் வருவதாகத் துள்ளினார். நான் மட்டும்தான் போக வேண்டும் என்றேன்.

பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தார். தேதி சொன்னேன். பழைய பதிவேட்டை எடுத்து வந்து தூசியைத் துடைத்தார். நவம்பர் மாதத்தில் விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. இதிலும் எண்ணாமல் விட்டிருந்தால்?

"மாக்ரட், வயசு இருபது. அகதிகள் முகாம். பெண் குழந்தை. இதுவா?"

"இதுதான்."

"தகப்பன் பேர் சூசை. தொழில் எதுவும் இல்லைன்னு இருக்கு."

"அப்ப அதுதான் உண்மை."

அவர் சிரித்தார். "குழந்தை பேர் இல்லையே, பெரியவரே. அந்தக் கட்டம் காலியா இருக்கு. பேரு வைக்கிறதுக்கு முன்னாடி பதிஞ்சிருக்காங்க. பேர் சேர்க்க நீங்க ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுக்கணும். என்ன பேரு?"

வெளியே வந்து கூப்பிட்டேன். அங்கே காலை. அவள் பல் விளக்கிக்கொண்டே எடுத்தாள்.

"இருக்கு மகள். நீ இருக்கிறாய். பேர் மட்டும் எழுதேல்லை. என்ன எழுத?"

"இதென்ன கேள்வி? அம்மா வச்ச பேர்தான்."

உள்ளே போய் எழுதினேன். முப்பத்தெட்டு வயதுக் குழந்தைக்குப் பெயர் வைக்கிற தகப்பன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "லேட்டானாலும் நல்ல பேருங்க" என்றார். சான்றிதழ் வர ஒரு வாரமாகுமாம்.

மறுபடி கூப்பிட்டபோது படத்தோடு வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"அங்க இருந்து கடல் தெரியுமா அப்பா?"

"கொஞ்சம் நடக்க வேணும்."

"நடவுங்கோ. நான் பிறந்த ஊரை நான் பார்த்தே இல்லை. முகாம் மாறேக்க எனக்கு அஞ்சு வயசு, ஒண்டும் ஞாபகமில்லை."

போனை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். கருவாடு காயும் வலைகள், ஒரு டீக்கடை, சைக்கிளில் ஐஸ் பெட்டி. ஆஸ்பத்திரி இருந்த பக்கத்தைக் காட்டினேன். நான் வரிசையில் நின்ற இடத்தை உத்தேசமாகக் காட்டினேன். இப்போது அங்கே ஒரு வேலி. பிறகு கரை. அலையே இல்லாத கடல். இந்தக் கடலுக்கா கவளத்துக்கு ஓர் அலை என்று கூட்டினேன்?

"அந்தப் பக்கம்தான் பேசாலை. தெரியாது. அந்தத் திசை" என்றேன்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை அப்படியே வைத்திருந்தேன்.

"காணும் அப்பா" என்றாள் பிறகு. "கடலைப் பார்த்தது காணும். காமராவைத் திருப்புங்கோ. உங்களைப் பாக்க வேணும்."

அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம். எந்தப் பொத்தான் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபடவில்லை. தவறி அழுத்தி அவளை இழந்துவிடுவேனோ என்று பயம். ஆகவே போனையே திருப்பிப் பிடித்தேன். இப்போது அவளுக்கு நான் தெரிவேன், எனக்கு அவள் தெரிய மாட்டாள்.

"தெரியிறனா?"

"தெரியிறீங்கள். அசையாதேங்கோ" என்றது அவள் குரல்.

அசையாமல், போனின் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.